அணியத்துப் பாரம்

கட்டுமாவடிக் கரையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆண்ட்ரூஸின் போட்டு தண்ணீரை நோகடிக்காது என்பார்கள். மற்றவர்கள் போட்டு கரைக்கு வரும்போது பின்னால் தண்ணீர் வெள்ளை வெள்ளையாய்க் கொந்தளித்துக்கொண்டு வரும். நங்கூரம் போட்டு நிற்கிற வள்ளங்களெல்லாம் ஆட்டம் போடும். ஆண்ட்ரூஸ் வந்தால் அந்த ரகளையே கிடையாது. எஞ்சின் சத்தம் கேட்கும், போட்டு வந்து நிற்கும், கடல் அதுபாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும். அதில் மனுஷனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வலையை எங்கே வைப்பது, ஐஸ்பெட்டியை எங்கே வைப்பது, ஆள் எங்கே உட்காருவது என்று எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வைத்திருந்தார். பாரம் நடுவில் இருக்க வேண்டும், போட்டு மட்டமாக ஓட வேண்டும், எண்ணெய் மிச்சமாக வேண்டும். அலை கிளப்பிக்கொண்டு போகிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய், அவர் பெற்ற மகளே அலை கேட்டாள்.

ஜாஸ்பின் இரண்டு வருஷம் சென்னைப் பக்கம், கடற்கரையில் தண்ணீர் விளையாட்டு நடத்துகிற ஓர் இடத்தில் வேலை பார்த்தவள். வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிற வேலைதான். கூட்டம் இல்லாத நேரத்தில் அங்கேயே பலகை பழகிக்கொண்டாள். வேக்போர்டு என்பார்கள். காலை அதில் மாட்டிக்கொண்டு, போட்டு இழுக்க இழுக்கத் தண்ணீர் மேல் நின்று போக வேண்டும். போட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி அலை எழும்பும் இல்லையா, அதில் ஏறி எம்பி, அந்தப் பக்க அலையைத் தாண்டிப் போய் இறங்க வேண்டும். அந்த இடத்தை இழுத்து மூடியபோது, முனை உடைந்த பழைய பலகை ஒன்றை அவளுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

தவக்காலத்தில் ஒரு சாயங்காலம். அருள்ராணி நெத்திலிக் குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கத்தரிக்காயைக் கூனி இறாலோடு வதக்கிக்கொண்டிருந்தாள். ஆண்ட்ரூஸ் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஜாஸ்பின் ஆரம்பித்தாள்.

"அப்பா, பெங்களூர்ப் பக்கம் ஒரு ஏரியில பயிற்சி குடுக்குறாங்க. தங்குறது, சாப்பாடு எல்லாம் அவங்களே. போட்டிக்கும் கூட்டிட்டுப் போவாங்க. நான் தாண்டுறத வீடியோ புடிச்சு ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பணும்."

"அனுப்பு. யாரு வேணாங்குறா?"

"தாண்டுறதுக்கு அலை வேணும்ல. ஒங்க போட்டுதான் வேணும்."

ஆண்ட்ரூஸின் கை குழம்பிலேயே நின்றுவிட்டது. "போட்டுல பொம்பளப் புள்ள ஏறுறதாவது!"

"நான் ஏற மாட்டேம்ப்பா. தண்ணிக்குள்ளேயே கெடந்து கயித்தப் புடிச்சுக்குவேன். நீங்க இழுத்தா எந்திரிச்சுக்குவேன். என் கால் ஒங்க போட்டுல படவே படாது."

அந்தக் கரையில் மீன்பிடிக்கிற போட்டில் பெண்கள் கால் வைப்பதில்லை. அதிலும் முன்மூக்கு, அவர்கள் அணியம் என்பார்களே, அது கோயில் மாதிரி. ஆண்ட்ரூஸின் போட்டு அணியத்தில் நீலச் சேலையில் மாதா படம் வரைந்திருக்கும். வருஷத் திருவிழாவில் பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். ஆம்பளையே அங்கே செருப்போடு ஏற முடியாது. மகள் கண்டுபிடித்த சந்து ஆண்ட்ரூஸுக்குப் பிடித்துப்போயிற்று. போட்டுக்குப் பின்னால்தானே, போட்டில் இல்லையே.

"அனுப்பலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "என்ன ஆகும்? திங்கக்கெழம திருப்பூருக்கு பஸ் ஏறுவா. எந்தங்கச்சி கம்பெனியில சொல்லி வச்சுருக்கா. பேக்கு கூட எடுத்து வச்சாச்சு."

ஜாஸ்பின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்தப் பிசைவைப் பார்த்த ஆண்ட்ரூஸ், "சரி, நாளைக்கு இழுத்துப் பாப்போம்," என்றார்.

மறுநாள் மீன் விற்று முடிந்த கையோடு இறங்கிவிட்டார்கள். ஆண்ட்ரூஸோடு கடலுக்குப் போகிற மதுரைவீரன் பின்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ஆண்ட்ரூஸ் எஞ்சின் பிடியில். முன்னால் பார்த்து ஓட்டுகிறதுதான் அவர் பழக்கம். பின்னால் திரும்பிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? இடுப்பளவுத் தண்ணீரில் பலகையை மாட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தாள் ஜாஸ்பின். கயிறு விறைத்தது.

"அண்ணே! புள்ள நிக்குதுண்ணே! யப்பா, தண்ணி மேல நிக்குதுண்ணே!" என்று மதுரைவீரன் கத்தினான்.

ஆண்ட்ரூஸுக்குப் புல்லரித்தது. ஆனாலும் திரும்பவில்லை. மகளுக்கு நன்றாகச் செய்ய வேண்டும் என்ற வேகத்தில் எஞ்சினைத் திருகு திருகென்று திருகினார். போட்டு பறந்தது.

திரும்பி வந்ததும் ஜாஸ்பின் பலகையை மணலில் போட்டாள். "அலையே இல்லப்பா. தோசைக்கல்லாட்டம் கெடக்கு."

"வேகம் பத்தலையோ?"

"வேகம்தாம்ப்பா கூடிப்போச்சு. வேகமாப் போனா போட்டு மேல ஏறிக்குது, அலை படுத்துருது. மெதுவாப் போகணும், பாரம் ஏத்தணும், பின்பக்கம் அமுங்கணும்."

ஆண்ட்ரூஸ் மதுரைவீரனைப் பார்த்தார். மதுரைவீரன் ஆண்ட்ரூஸைப் பார்த்தான்.

"ஒழுங்கா ஓடுற போட்ட நொண்ட வைக்கச் சொல்லுது அண்ணே, ஒங்க மக," என்றான் அவன்.

உரச்சாக்குகளில் ஈர மணலைக் கட்டி ஏற்றினார்கள். மீன் கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்த அமுதவல்லி நின்றுவிட்டாள். காரைக்குடிச் சந்தை வரைக்கும் மீன் கொண்டுபோகிறவள், வாய்க்குப் பஞ்சமில்லை.

"என்னங்கண்ணே, மீன் வெலய விட மண்ணு வெல ஏறிப்போச்சா? கரையில கெடக்குறதக் கடலுக்குக் கொண்டுட்டுப் போறீங்க?"

"நீ ஒன் கூடையப் பாரு."

"நான் பாத்துக்கிறேன். நீங்க மொதல்ல ஒங்க போட்டப் பாருங்க. எப்பவும் மாதிரியேதான் நிக்கிது."

தண்ணீரில் கிடந்த ஜாஸ்பினும் அதையேதான் கத்தினாள். "அப்பா, மூட்டைய எங்கிட்டு வச்சிருக்கீங்க?"

ஆண்ட்ரூஸ் குனிந்து பார்த்தார். பின்பக்கம் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தூக்கினார், சத்தியமாக. ஆனால் ஒரு மூட்டை பாக்கியில்லாமல் நடுவில், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக அடுக்கிக் கிடந்தது. இத்தனை வருஷம் செய்த வேலையை அவர் கை தன்பாட்டுக்குச் செய்து முடித்திருந்தது. மதுரைவீரன் விழுந்து விழுந்து சிரித்தான். மூட்டைகளைப் பின்னால் நகர்த்தியபோது ஆண்ட்ரூஸுக்கு நல்ல மாட்டைக் கட்டிவைத்து அடிக்கிற மாதிரி இருந்தது.

இப்போது அலை வந்தது. போட்டின் பின்பக்கம் அமுங்கி, அணியம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, எஞ்சின் முக்கி முக்கி இழுத்தது. பின்பக்க விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மதுரைவீரன் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினான். அலை உயரமாகத்தான் எழும்பியது. ஆனால் முகட்டில் ஒரே நுரை. சோறு பொங்கி வழிகிற மாதிரி, எழும்பிய வேகத்தில் உடைந்து சரிந்தது. அதில் பலகையை ஏற்றினாள், காலுக்கடியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. முகங்குப்புற விழுந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி விழுந்தாள். மூட்டையைக் கூட்டிப் பார்த்தார்கள், குறைத்துப் பார்த்தார்கள். ஐஸ்பெட்டியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமை வரைக்கும் இதே கதை. நுரை அடங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அருள்ராணி மகளின் தாடைக்கு உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள்.

"போதும்டி. பல்லு போச்சுன்னா யாரு கட்டுவா?"

"நொரை மேல கால ஊனி எப்படிம்மா தாண்டுறது? அலை கெட்டியா இருக்கணும். அப்பத்தான் தூக்கி விடும்."

"அலை கெட்டியா இருக்கணுமாம். கெட்டியா இருக்க அது என்ன தயிரா?" சொல்லிவிட்டு அருள்ராணி மூக்கை உறிஞ்சினாள். மகளின் தாடை வீங்கிக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் கடல் எண்ணெய் தடவிய மாதிரி கிடந்தது. உச்சிப்பொழுதுக்குள் தெற்கேயிருந்து சோழகக் காற்று எழும்பிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. வலைகளை இறக்கி வைத்தாயிற்று. ஆனால் மதுரைவீரன் இல்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கக் குடும்பத்தோடு போய்விட்டான். செல்போனைப் பிடிக்க ஆள் வேண்டுமே. ஆண்ட்ரூஸ் கரை நெடுகக் கேட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்குவதாவது என்றான் ஒருவன். மண் மூட்டை ஏற்றுகிற போட்டில் ஏறினால் நம்மையும் பைத்தியம் என்பார்கள் என்றான் இன்னொருவன்.

"நான் புடிக்கிறேன்," என்றாள் அருள்ராணி. பூசைக்குக் கட்டிய சேலையை அப்போதே தூக்கிச் செருகியிருந்தாள்.

"கரையில இருந்தா?"

"கரையில இருந்து புடிச்சா கொக்கு நிக்கிற மாதிரிதான் தெரியும். போட்டுல இருந்துதான்."

"என்னடி பேசுற? பொம்பள…"

"இன்னிக்கி மீனுக்கா போறீங்க? வலையத்தான் எறக்கியாச்சே. வலை இல்லாத போட்டு வெறும் வண்டிதான?"

வேறு யாராவது இப்படி மடக்கியிருந்தால் மனுஷன் சண்டைக்குப் போயிருப்பார். "ஏறு. பின்பக்கத்துலயே உக்காரு. அணியத்துப் பக்கம் மட்டும் போயிராத," என்றார்.

அருள்ராணி ஆவூர்ப் பக்கத்துக்காரி. கொல்லையும் கிணறுமாக வளர்ந்தவள். இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்டு மகள் இவ்வளவு பெரியவளான பிறகும் முழங்காலுக்கு மேல் கடலைத் தொட்டதில்லை. கொஞ்சம் கனத்த உடம்பு வேறு. "ஆத்தாடி, ஏசுவே, புடிங்களேன்!" என்று அவள் ஏறிய ஏற்றத்தில் போட்டே ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. தண்ணீருக்குள் கிடந்த ஜாஸ்பின் வாய்க்குள் உப்புத் தண்ணீர் போகச் சிரித்தாள்.

போட்டு கிளம்பியது. அணியம் தூக்கிக்கொண்டது. எஞ்சின் புகை நேராக அருள்ராணியின் முகத்தில் அடித்தது, கூடவே உப்புத் தூவானம். ஜாஸ்பின் எழுந்தாள், நுரையில் விழுந்தாள். திருப்பிக்கொண்டு வந்து மறுபடி இழுத்தார்கள். அருள்ராணிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் புகையில் உட்கார்ந்தால் செத்தே போவோம் என்று தோன்றியது. போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, குழந்தை தவழ்கிற மாதிரி நாலு காலில், மூட்டைகளைத் தாண்டி, குறுக்குச் சட்டங்களைத் தாண்டி, காற்று வருகிற பக்கம் போனாள். போய் அணியத்தின் நுனியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ ராணி! அங்கிட்டுப் போகாதடி! ஐயய்யோ, எறங்கு!"

ஆண்ட்ரூஸ் எஞ்சினை அணைத்தே விட்டார். அதே நேரத்தில் பின்னாலிருந்து ஜாஸ்பின் என்னவோ கத்தினாள், கத்திக்கொண்டே முங்கிப்போனாள். போட்டு சத்தமில்லாமல் ஆடியது.

"எந்திரிச்சு இங்கிட்டு வா."

"வர மாட்டேன். அங்க வந்தா வாந்தி எடுப்பேன்."

"அது அணியம்டி! மாதா இருக்குற எடம்!"

அருள்ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பயமெல்லாம் எங்கேயோ போய், அவளுக்கு இப்போது கோபம் வந்திருந்தது. "மாதா யாருங்க? ஆம்பளையா? வருசம் பூரா இந்த மூக்குலதான ஒக்காந்துருக்கா? அவ ஏறுனதுல மீனு ஓடிப்போச்சா? நானும் ஒரு புள்ளையப் பெத்தவதான்."

ஆண்ட்ரூஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பா!" நீந்தி வந்த ஜாஸ்பின் மூச்சு வாங்கினாள். "எதுக்குப்பா நிறுத்துனீங்க? அம்மா அங்கிட்டுப் போன ஒடனே நொரை அடங்கிருச்சு! மூக்கு எறங்கி, போட்டு முழுசா அமுங்குச்சு. அலை நீளமா வந்துச்சுப்பா, வழுவழுன்னு! நீங்க திரும்பிப் பாக்கலையா?"

"நான் எதுக்குப் பாக்கணும்?"

"ஒரே ஒரு தடவ பாருங்கப்பா. நம்ம போட்டுதாம்ப்பா."

அவள் தாடை நீலம் பாரித்திருந்தது. தெற்கே தண்ணீர் கறுத்து வருவதை ஆண்ட்ரூஸ் பார்த்தார். காற்று கிளம்பிவிட்டது. இங்கே வந்து சேர அதிக நேரம் ஆகாது. மாதாவே, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார், அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிறகு எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

"நல்லாப் புடிச்சுக்க," என்றார் பெண்டாட்டியிடம். அவள் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனை எடுத்து மகள் பக்கம் காட்டிப் பிடித்தாள்.

போட்டு கிளம்பியது. இந்தத் தடவை மூக்கு தூக்கவில்லை. முழுப் போட்டும் ஒரே கனமாய், வயிறு நிறையப் பாரத்தோடு தண்ணீருக்குள் உட்கார்ந்து போயிற்று. ஆண்ட்ரூஸ் ஒரு கையால் பிடியை இறுக்கிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

அடேயப்பா! போட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் மடிந்து மடிந்து எழும்பிக்கொண்டிருந்தது. பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், வெயில் பட்டு உள்ளே வரைக்கும் தெரிந்தது. ஒரு சொட்டு நுரை இல்லை. சரிந்து, நீண்டு, உடையாமல், அவர் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இது என் போட்டு போடுகிற அலையா? இதையா இத்தனை காலம் எழும்பவிடாமல் அமுக்கி வைத்திருந்தேன்? பூசையில் மணியடிக்கும்போது தலை தானாகக் குனியுமே, அந்த மாதிரி ஒரு அடக்கம் அவர் உடம்பெல்லாம் பரவிற்று.

அந்த அலைக்கு வெளியே, தூரத்தில், ஜாஸ்பின் நின்றாள். முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் அலையை நோக்கி வந்தாள். அடிவாரத்தில் கால் வைத்தாள். அலை அவளைத் தூக்கியது. ஆமாம், தூக்கியது, ஆண்ட்ரூஸ் கண்ணால் பார்த்தார். பலகை தண்ணீரை விட்டது. பலகையின் அடிப்பக்கம் முழுக்கத் தெரிந்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் பெற்ற பெண் கடலுக்கு மேலே, ஒன்றையும் தொடாமல் போய்க்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் அவர் காதில் விழவில்லை. அந்தப் பக்க அலைக்கும் அப்பால் போய் இறங்கி, தடுமாறி, கையை ஊன்றப்போய், ஊன்றாமல் நிமிர்ந்து நின்றாள்.

"ஏசுவே! ஏசுவே! எம்புள்ள!" என்று அணியத்திலிருந்து அழுகைச் சத்தம் வந்தது.

ஆண்ட்ரூஸ் எஞ்சினைத் தணித்தார். கண் கலங்கி எதுவும் தெரியவில்லை. தணித்த போட்டு தன்போக்கில் போய்ச் சேற்றுத் திட்டில் மெத்தென்று ஏறி நின்றது. அவர் வாழ்க்கையில் அதுவரை தரை தட்டியதே இல்லை.

கரையில் உட்கார்ந்து மூன்று பேரும் போனைப் பார்த்தார்கள். படத்தில் நட்டநடுவே ஆண்ட்ரூஸின் தலை.

"அய்யய்யோ, ஒங்க மண்டைதாங்க மறைக்குது," என்று அருள்ராணி பதறினாள்.

"மறைக்கலம்மா. அப்பா தலைக்கு இந்தப் பக்கம் ஏறுறேன், மேலாக்க தாண்டி, அந்தப் பக்கம் எறங்குறேன். பாருங்க."

தாண்டி முடித்ததும் அந்தத் தலை திரும்பியது. வாயைப் பிளந்துகொண்டு, கண்ணீர் ஒழுக ஒரு ஆள். அது தான்தான் என்று ஆண்ட்ரூஸுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. ஜாஸ்பின் அதை அப்படியே அனுப்பினாள்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் வழக்கம்போலக் கடலுக்குப் போய்விட்டு வந்தார்கள். மதுரைவீரன் நெற்றியில் விபூதியோடு மீனை இறக்கிக்கொண்டிருந்தான். அமுதவல்லி கூடையை வைத்த கையோடு ஞாயிற்றுக்கிழமைக் கதையை முழுசாக அவிழ்த்துவிட்டாள். மதுரைவீரன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, அண்ணி அணியத்துலயா ஒக்காந்துச்சு? கழுவாமலா இன்னிக்கிப் போனோம்?"

"மீனு பட்டுச்சா இல்லையா?"

"பட்டுச்சு. எப்பவும் போலத்தான்."

"அப்புறம் என்ன?"

மதுரைவீரனுக்கு மனசு ஆறவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு அணியத்துப் பக்கம் போனான். அப்போதுதான் ஜாஸ்பின் கரையில் ஓடி வந்தாள். பஸ்ஸுக்குக் கட்டிய புதுச் சுடிதார். பேக்கை வழியிலேயே போட்டுவிட்டாள் போல, கையில் போன் மட்டும்தான். பின்னாலேயே அருள்ராணி மூச்சிரைக்க வந்தாள்.

"வரச் சொல்லிட்டாங்கப்பா! அடுத்த மாசமே!" குரல் உடைந்து, அழுது, சிரித்து, மறுபடி போனைப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் கேட்டுருக்காங்க. இத்தனூண்டு போட்டுல இவ்வளவு சுத்தமான அலை எப்படி வந்துச்சு, முன்னாடி என்ன பாரம் போட்டீங்கன்னு கேக்குறாங்க. என்னப்பா எழுதட்டும்?"

ஆண்ட்ரூஸ் அணியத்தைப் பார்த்தார். நீலச் சேலை மாதா. அவள் பக்கத்தில் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி மதுரைவீரன்.

"ஒங்கம்மான்னு எழுது," என்றார்.

"எழுதுடி, எழுது. எத்தன கிலோன்னு மட்டும் எழுதிராத," என்றாள் அருள்ராணி. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், கண்ணைத் துடைக்கத்தான்.

மதுரைவீரன் மாதா படத்தையும் அருள்ராணியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாளித் தண்ணீரைத் தன் காலில் ஊற்றிச் சேற்றைக் கழுவிக்கொண்டு மீன் பிரிக்க வந்துவிட்டான்.